கடல்பன்றிக்கு ஒரு குடம் தண்ணீர்

திங்கட்கிழமை, காலை ஐந்தேகால் மணி. தூத்துக்குடி பஸ் நிலையத்தில் மதுரை வண்டிக் கண்டக்டர் என் பெட்டியைப் பார்த்ததுமே கையை நீட்டி மறித்துவிட்டார்.

“மீனெல்லாம் ஏத்தக்கூடாது. எறக்குங்க.”

“மீன் இல்லண்ணே. ஓங்கில். டால்பின்னு சொல்லுவாங்கல்ல, அது.”

“அதுவும் கடல்லதான கெடக்கு?”

“கடல்ல கெடந்தாலும் மீன் இல்ல. குட்டி போடும், பால் குடுக்கும், நம்மள மாதிரி மூச்சு விடும்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “பால் குடுக்குற சாதின்னா லக்கேஜ் போட முடியாதே. ஆட்டுக்குப் போடுற டிக்கெட்டுல்ல போடணும்” என்றார். முன்சீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். விடிந்தும் விடியாத நேரத்தில் வம்பெதற்கு என்று பெட்டியைத் திறந்து காட்டினேன். உள்ளே வைக்கோல் மெத்தையில் நான்கு காகிதக்கூழ் பொம்மைகள். அப்புறம்தான் மனுஷன் வழிவிட்டார். பெட்டிக்கு மூன்று ரூபாய், எனக்கு ஒன்பது ரூபாய். அருப்புக்கோட்டை வரைக்கும் தொண்ணூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

ஐந்தாவது பொம்மை என் மடியில், பழைய நூல்சேலையில் சுற்றி இருந்தது. கடல்பன்றி. ஓங்கிலுக்குச் சொந்தக்காரன்தான், ஆனால் ஓங்கில் இல்லை. நீண்ட மூக்கு கிடையாது, இந்த வகைக்கு முதுகில் துடுப்பும் கிடையாது. வழுவழுவென்று உருண்டைத் தலையோடு, பொம்மை கைக்குழந்தை அளவுக்கு இருக்கும். எட்டயபுரம் தாண்டும்போது பக்கத்து சீட்டு அம்மா சேலையை விலக்கிப் பார்த்துவிட்டு, “அய்யோ, பச்சப்பிள்ளையாக்கும்னுல்ல நெனச்சேன்!” என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

இந்த ஐந்தையும் செய்தவள் என் மனைவி அமலி. நான் தூத்துக்குடியில் ஒரு சின்னக் கடல் காட்சியகத்தில் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்கிற வேலையில் இருந்தேன். எண்பதுகளின் கடைசி அது. அமலி இறால் கம்பெனியில் ஐஸ் தண்ணீருக்குள் கைவிட்டு இறால் உரிக்கிறவள். விரல் நுனியெல்லாம் வெடித்து, ராத்திரி சோறு பிசைய முடியாமல் கரண்டியால் தின்பாள். எங்கள் காட்சியகத்தில் பொம்மை செய்ய ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், பழைய பேப்பரை ஊறவைத்து, வெந்தயம் அரைத்துச் சேர்த்து, இரண்டு மாசத்தில் ஐந்து உருப்படி செய்துவிட்டாள். மதுரையிலிருந்து வந்த பெரிய அதிகாரி பார்த்துவிட்டு, “அழகா இருக்கும்மா. ஆனா காகிதம். பஸ்ஸுல ஊர் ஊராப் போனாத் தாங்குமா? ஒரு வாரம் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ட்டு வரட்டும். சனிக்கிழமை மதுரைக்கு அஞ்சும் முழுசா வந்தா வேலை உனக்குத்தான்” என்றார்.

அதனால்தான் இந்தப் பயணம். புறப்படும்போது அமலி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: “உங்க மேல மழ பெஞ்சாலும் பரவால்ல, இது மேல ஒரு சொட்டு விழக்கூடாது.” ஆடி மாசத்தில், அதுவும் காய்ந்து கிடக்கிற திருச்சுழிப் பக்கம் போகிறவனிடம் மழையைப் பற்றிச் சொல்கிறாளே என்று நான் சிரித்தேன்.

காலை எட்டு மணி, அருப்புக்கோட்டை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் காதில் விழுந்தது தறிச் சத்தம். நான் போக வேண்டிய பள்ளிக்கூடம் நெசவுத் தெருவுக்குள் இருந்தது. வீட்டுக்குள்ளே தெலுங்கு, வாசலுக்கு வந்தால் தமிழ். ஐந்தையும் மேசையில் வரிசையாக வைத்தேன். முதலாவது, பாட்டில் மூக்கு ஓங்கில். அடுத்தது கூன்முதுகு ஓங்கில். மூன்றாவது, தண்ணீருக்கு மேலே துள்ளி அந்தரத்தில் பம்பரமாகச் சுழன்று விழுகிற வகை. நாலாவது கங்கை ஆற்றில் இருக்கிறது. அதற்குக் கண் இருந்தும் பார்வை இல்லாத மாதிரிதான், சத்தத்தை அனுப்பி வழி கண்டுபிடிக்கும். ஐந்தாவது நம் கடல்பன்றி.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, “சார், மீனுக்கு வாலு நட்டமா இருக்கும். இதுகளுக்கு ஏன் படுக்க வச்சிருக்கீக?” என்று கேட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மீன் வாலைப் பக்கவாட்டில் ஆட்டும், இவை மேலும் கீழுமாக அடிக்கும், அந்த ஒன்றை வைத்தே தூரத்திலிருந்து இனம் பிரிக்கலாம் என்று சொன்னேன். தறி வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோணலும் நேரும் சட்டென்று கண்ணில் படும் போல.

கடைசியாக என் வித்தை. கடல்பன்றியின் வயிற்றுக்குள் அமலி ஒரு பழைய சைக்கிள் ஹாரனின் ரப்பர் பந்தை வைத்திருந்தாள். அடிவயிற்றை அமுக்கினால் உச்சந்தலையில் இருக்கிற மூச்சுத் துளை வழியாகப் ‘புஸ்’ என்று காற்று வரும். “மத்த நாலும் பொம்மை. இது மட்டும் மூச்சு விடும், பாக்குறீங்களா?” என்று கேட்டு, மேலே ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்து, யாருக்கும் தெரியாமல் அமுக்குவேன். காகிதம் பறக்கும். பிள்ளைகள் கத்துகிற கத்தலில் பக்கத்து வகுப்பு வாத்தியார் எட்டிப் பார்ப்பார். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

செவ்வாய் மல்லாங்கிணறு, புதன் காரியாபட்டி, வியாழன் திருச்சுழிப் பக்கம், வெள்ளி வீரசோழன், சனி மதுரை. இந்த வரிசையைப் போட்ட புண்ணியவான் வாழ்நாளில் பஸ் ஏறியிருக்கவே மாட்டார். மதுரை ரோட்டில் இருக்கிற காரியாபட்டிக்குப் போய்விட்டு, மறுபடி தெற்கே திரும்பி, மறுபடி வடக்கே ஏற வேண்டும். மல்லாங்கிணற்றில் ஒரு பையன், “கங்கையில கெடக்குறது நம்ம குண்டாத்துல கெடக்காதா சார்?” என்று கேட்க, வாத்தியாரே முந்திக்கொண்டு, “குண்டாத்துல மொதல்ல தண்ணி கெடக்கட்டும்லே” என்றார். காரியாபட்டியில் பொம்மைகளைத் துடைக்கும்போது பார்த்தேன்: ஆடிக் காற்று காந்தியதில் கடல்பன்றியின் முதுகுப் பெயிண்டில் மெல்லிய வெடிப்பு ஓடியிருந்தது. தேங்காயெண்ணெயைத் தொட்டுத் தடவினேன். தூரத்தில் நின்று பார்த்தால் தெரியாது என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

வியாழன், காலை ஒன்பதரை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம், ஒன்றேமுக்கால் ரூபாய். அங்கிருந்து வீரசோழன் போகிற டவுன் பஸ்ஸில் இன்னும் கொஞ்ச தூரம். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன், ஏன் என்று போகப் போகத் தெரியும். இரண்டு பக்கமும் கருவேல முள், நடுவில் வெள்ளையாக வெந்து கிடக்கிற நிலம். ரோட்டோரமாகப் பெண்கள் இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று குடங்களோடு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் அள்ளி அள்ளி நிறைத்த தண்ணீர் என்று டிரைவர் சொன்னார். “ஒரு கொடம் நெறைய முக்கா மணி நேரமாகும். கோழி கூப்பிடப் போனவுக இப்பத்தான் வாராக.”

பள்ளிக்கூடத்தில் இரண்டே அறை, ஒரு வேப்பமரம், ஓரத்தில் சத்துணவுக் கூடம். மரத்தடியில் மேசை போட்டு நான் பேசினேன். சத்துணவு சமைக்கிற இருளாயி அக்கா கையில் கரண்டியோடு கூடத்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயசிருக்கும். பிள்ளைகளைவிட அவர்தான் கவனமாகக் கேட்டார். நடுவில் தாங்கமாட்டாமல், “சார், தண்ணிக்குள்ளேயே கெடக்குறது எதுக்கு மேல வந்து மூச்சு விடணும்?” என்று கேட்டேவிட்டார்.

“அதுக்கும் நமக்கு மாதிரி நுரையீரல்தாங்க்கா. தண்ணிக்குள்ளே மூச்சு விட்டா மூழ்கிச் செத்துப்போகும்.”

“கடல்லயே பொறந்ததுக்கு இப்படி ஒரு கஷ்டமா!” என்று அவர் உச்சுக்கொட்டினார்.

அந்தப் பேச்சில் வழக்கமாகச் சொல்கிற ஒரு விஷயத்தையும் சொன்னேன். அது அமலி சொல்லித் தந்தது. அவள் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது அவர்கள் கடற்கரையில் ஓர் ஓங்கில் ஒதுங்கியதாம். வெயில் பட்டால் தோல் வெடித்துவிடும், அதனால் ஈரச்சாக்கைப் போர்த்தி, காயக் காயத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் உச்சந்தலையில் இருக்கிற மூச்சுத் துளையில் மட்டும் சாக்கும் படக்கூடாது, தண்ணீரும் போகக்கூடாது. ஊரே சேர்ந்து சாயங்காலம் வரை அப்படிக் காப்பாற்றி, கடல் தண்ணீர் ஏறும் நேரத்தில் திரும்ப உள்ளே தள்ளிவிட்டார்களாம். அதைச் சொல்லி முடித்துவிட்டு, வழக்கம்போல, “மத்த நாலும் பொம்மை. இது மட்டும் மூச்சு விடும்” என்று ‘புஸ்’ காட்டினேன். காகிதம் பறந்தது. ஒரே கூச்சல்.

மத்தியானம் தலைமையாசிரியர் வீட்டில் சாப்பாடு. வேண்டாமென்றாலும் விடமாட்டேனென்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். கம்பஞ்சோறு, கருவாட்டுக் குழம்பு. கருவாடு எங்கள் ஊர்ப்பக்கத்துச் சரக்கு என்று கண்டுபிடித்துச் சொன்னேன், அவருக்கு ஒரே பெருமை. திரும்பி வரும்போது மணி இரண்டரை.

மேசை மேல் கடல்பன்றி நனைந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. மேசைக்கால் வழியாகத் தண்ணீர் இறங்கி மண்ணில் ஓடியிருந்தது. பக்கத்தில் ஒரு பித்தளைக் குடம், வெறுங்குடம். இருளாயி அக்கா ஓலை விசிறியால் அதற்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஓடினேன். சாக்கை உருவினேன். முதுகு பணியாரமாக உப்பிப் போயிருந்தது, தொட்ட இடத்தில் விரல் உள்ளே போனது. சாம்பல் பெயிண்டு தோல் தோலாகக் கழன்று சாக்கோடு வந்தது.

“என்ன பண்ணி வச்சிருக்கீங்க!” என்று கத்திவிட்டேன். வாழ்க்கையில் அப்படி ஒரு பெண்ணிடம் கத்தியதில்லை. தலைமையாசிரியர் அதற்கு மேல். “அறிவு இருக்கா ஒனக்கு? சமைக்கச் சொன்னா சமைக்கிறதோட நிக்கணும்!”

அக்கா எழுந்து நின்றார். முகம் செத்துப்போய்விட்டது. “தோலு வெடிச்சிருந்துச்சு சார். நீங்கதான சொன்னீக, காய விடக்கூடாதுன்னு.”

“அது நெசமான ஓங்கிலுக்கு! இது பொம்மை!”

“மத்த நாலுந்தான் பொம்மைன்னீக. இது மூச்சு விட்டுச்சே. என் ரெண்டு கண்ணால பாத்தேனே. சின்ன உசுராவும் இருந்துச்சா… பெட்டிக்குள்ள போட்டு ஊரு ஊராத் தூக்கிக்கிட்டுத் திரியுறாகளே, பாவம்னு…”

கைதட்டலுக்காக நாலு நாளாக நான் சொல்லிக்கொண்டு வந்த பொய், அந்த அம்மா அதை அப்படியே நம்பியிருக்கிறார்.

தலைமையாசிரியர் விடவில்லை. “பிள்ளைக குடிக்கிற தண்ணியவா கொட்டுன?”

“பள்ளிக்கூடத் தண்ணியத் தொடுவேனா சார்? இது எங்க வீட்டுக் கொடம். காலையில எடுத்தாந்தது.”

ஊற்று ஒன்றரை மைல். ஒரு குடத்துக்கு முக்கால் மணி நேரம். அன்றைக்கு அவர் வீட்டில் குடிக்க என்ன செய்தார்களோ தெரியாது, கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. “தப்பு என்னோடதுக்கா. அவங்களத் திட்டாதீங்க சார்” என்று மட்டும் சொன்னேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “ஒங்க வேலைக்கு எதும் வந்துருமா சார்?” என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். ஒரே நாளில் இரண்டாவது பொய்.

வெள்ளி, வீரசோழன். பெரிய ஊர், கடைகள் நிறைந்த தெரு. பள்ளிக்கூடத்தில் நான்கு பொம்மைகளை வைத்து நான் பேசியது எனக்கே பிடிக்கவில்லை. ‘புஸ்’ இல்லை. மத்தியானம் ஒரு மளிகைக் கடை பாய் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு விசாரித்தார். சொன்னேன். வெளியே மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்த சாக்கில் ஓர் ஓரத்தை ஒதுக்கி, “இங்கன போடுங்க தம்பி. இந்த ஊரு வெயிலு கல்லையே காய வச்சிரும்” என்றார். உண்மையிலேயே காய்ந்துவிட்டது. ஆனால் காயக் காய முதுகு சுருங்கி, வாய் கோணி, வால் மடங்கிப்போனது. பாய் வாங்கித் தந்த டீக்கும் என்னிடம் காசு வாங்கவில்லை.

சனி, காலை எட்டரை. மதுரை வரைக்கும் வண்டியில் ஒன்றைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்: அமலியிடம் எப்படிச் சொல்வது. அவள் எனக்கு முன்பே தூத்துக்குடியிலிருந்து வந்து, கல்யாணத்துக்குக் கட்டிய சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் நிலையத்தில் நின்றிருந்தாள். நான் இறங்கும்போதே மடியைத்தான் பார்த்தாள். சுற்றியிருந்த சேலையை நானே பிரித்துக் கொடுத்தேன். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன், என் வித்தையையும் சேர்த்து. கத்துவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்றும் நினைத்தேன்.

அவள் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உடம்பெல்லாம் சிதைந்திருந்தது. உச்சந்தலையில் மட்டும், மூச்சுத் துளையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு, ஒரு சுருக்கமில்லை. அவள் அடித்த பெயிண்டு அப்படியே மினுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாகக் கூடவே வைத்திருந்தும் அது என் கண்ணில் படவில்லை.

“இங்க பாருங்க. தண்ணி உள்ள போயிரக்கூடாதுன்னு ஒதுக்கிப் போட்டுருக்காக” என்றாள். “நான் செஞ்சத உசுருன்னு நெனச்சுட்டாகளே.” அடிவயிற்றை மெல்ல அமுக்கினாள். ‘புஸ்’. முன்பு வந்ததில் பாதிதான், ஆனாலும் வந்தது. கண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள். நானும் அழுதேன். பக்கத்தில் வாழைப்பழக்காரர் எங்களை விநோதமாகப் பார்த்தார்.

அதிகாரியின் ஆபீசில் நான் நான்கை மட்டும் மேசையில் எடுத்து வைத்தேன். அமலி ஐந்தாவதையும் அதிகாரிக்கு நேர் முன்னால் வைத்தாள். “தாங்கலியேம்மா” என்றார் அவர். “தாங்கல சார்” என்று ஒத்துக்கொண்டு, நடந்ததைத் தன் வாயாலேயே சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பொம்மையை அவரே அமுக்கிப் பார்த்தார். அப்புறம், “சிமெண்டுல செய்யத் தெரியுமா?” என்றார்.

“தெரியாது சார். கத்துக்கிடுதேன்.”

ஆறு மாசம் பழகட்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். இறால் கம்பெனிக்கு அவள் அதற்கப்புறம் போகவில்லை.

மறுவருஷம் பங்குனியில் ஒரு வியாழக்கிழமை, ஆபீஸ் ஜீப்பில் மறுபடி திருச்சுழி ரோட்டில் போனோம். இந்தத் தடவை அமலியும் கூட வந்தாள். பின்னால் சாக்கு மெத்தையில் ஒரு கடல்பன்றி, அசல் அளவு, இரண்டு பேர் தூக்குகிற சிமெண்டுப் பாரம். பிள்ளைகள் பார்க்கட்டும் என்று வேப்பமரத்தடியில் செங்கல் அடுக்கி வைத்தோம். இருளாயி அக்கா கூடத்துக்குள்ளிருந்து வரவே கூச்சப்பட்டார். அமலி உள்ளே போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

அக்கா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அடிவயிற்றை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். “மூச்சு விடலியே தாயி?”

“இது விடாதுக்கா. முழுக்கச் சிமெண்டு.”

“நனஞ்சா?”

“ஒண்ணும் ஆகாது. அதுக்குத்தான் இதச் செஞ்சது.”

சாயங்காலம் நான்கு மணிக்கு ஜீப் கிளம்பியது. எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல் கிடக்கிறது. ஓங்கில் கூட்டமாகத் துள்ளினாலும் நாங்கள் சோற்றை விட்டு எழுந்து போய்ப் பார்க்க மாட்டோம். அதைத்தான் அமலியிடம் சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். இருளாயி அக்கா காலையில் அரிசி களைந்து வைத்திருந்த தண்ணீரைச் சட்டியில் எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். அக்கம்பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு இடது கையால் அதன் உச்சந்தலையைப் பொத்திக்கொண்டு, முதுகில் மெதுவாக ஊற்றினார்.